புயலுக்கு ஏழு பொருள்

இழுப்பறையைத் திறந்த எஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கீழே போயிருக்க வேண்டிய அட்டைக் கட்டு உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் போகவே கூடாத கட்டு போய்விட்டது.

"அக்கா! காலையில என் மேசையிலேருந்து எந்தக் கட்டைக் கீழ கொண்டுபோய்க் கொடுத்தீங்க?"

டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த காபி அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மேல நீல நூல் சுத்தி ஒண்ணு இருந்துச்சே, அதைத்தான். ஏன், தப்பா?"

"ரெண்டு கட்டுலயும் நீல நூல்தான்கா!"

"அப்ப தப்பு உங்களோடது" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, காபி அக்கா தட்டோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அது ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாராகும் அலுவலகம். அங்கே ஆளுக்கு ஓர் எழுத்து. எழுத்து கைக்கு வந்ததும் சொந்தப் பெயர் போய்விடும். பக்கத்து மேசையில் இருக்கும் ஏக்காரர் பதினோரு வருஷமாக ஏ எழுத்தில் குடியிருக்கிறார். இன்னும் ஆப்பிளைத் தாண்டவில்லை. நம்மவருக்கு எஸ். ஆங்கிலத்திலேயே சொற்கள் அதிகம் உள்ள எழுத்து. அதைத் தலையில் கட்டியபோது மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஆனால் சொற்கள் அதிகம் என்றால் அட்டைகளும் அதிகம், அட்டைகள் அதிகம் என்றால் கீழே, அவற்றைக் கணினியில் அடிக்கும் டிடிபி அறைக்குப் போகும் வேலையும் அதிகம். மூன்று மாதமாக அந்த அறையில் ஒரு டிடிபி மேடம் இருந்தார். எஸ்காரர் தன் எழுத்தை வாழ்த்திக்கொண்டே படியிறங்குவார்.

போய்த்தான் என்ன பேசிவிட்டார்? ஒன்றும் இல்லை. ஐந்து வருஷமாகத் தற்காலிக ஊழியர். இருக்கிற நாற்காலியே நாளைக்கு இருக்குமா தெரியாது, இதில் எந்த முகத்தோடு பேச்சை ஆரம்பிப்பது? நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

போன வாரம் தலைமைப் பதிப்பாசிரியர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அலுவலகத்தில் அவருக்குப் பெரியவர் என்று பெயர்.

"ஒரே ஒரு வார்த்தை தர்றேன். ஸ்டார்ம். மழை காத்தோட வர்ற புயல்தானேன்னு நினைச்சுடாதே. அதுக்கு ஏழு பொருள் இருக்கு, ஏழுக்கும் பிரயோகம் வேணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ப்ரூஃப் என் மேசையில இருக்கணும். அதைப் பாத்துட்டு உன்னை நிரந்தரம் பண்றதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு முடிவு பண்றேன்."

பெரியவரிடம் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சொந்தமாகக் கற்பனை செய்யக் கூடாது. கண்ணால் கண்டதாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். அட்டையின் ஓரத்தில் நாளும் நேரமும் குறிக்க வேண்டும். "கற்பனை பண்றவன் கதை எழுதப் போகட்டும்" என்பார்.

எஸ்காரர் செய்தித்தாள்களைப் புரட்டி ஏழு வாக்கியம் தேற்றினார். ஏழும் உப்புச் சப்பில்லாமல் இருந்தன. எப்படி இருக்காமல் போகும்? அந்தச் சொல்லின் ஏழு பொருளும் தினமும் கண்ணெதிரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடும்போது செய்தித்தாள் எதற்கு? கை சும்மா இருக்கவில்லை. விளையாட்டாக இன்னொரு கட்டு எழுதினார்.

'பொருள் 2, கோபக் கொந்தளிப்பு: ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டதும் தலைமைப் பதிப்பாசிரியர் முகத்தில் புயல் திரண்டது. திங்கள், 10.20.'

'பொருள் 5, சீறிக்கொண்டு வெளியேறுதல்: தலைமைப் பதிப்பாசிரியர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதால் திரும்பி வந்தார். செவ்வாய், 11.05 மற்றும் 11.06.'

'பொருள் 7, அற்ப விஷயத்துக்கு அமளி: காபியில் சர்க்கரையே இல்லை என்று தலைமைப் பதிப்பாசிரியர் இருபது நிமிடம் முழங்கினார், சர்க்கரை அடியில் இருந்தது. புதன், 3.40.'

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் ஏக்காரருக்கு மட்டும் படித்துக் காட்டினார். ஏக்காரருக்குப் புரையேறித் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. அதோடு கிழித்துப் போட்டிருக்கலாம். எழுதினவனுக்குக் கிழிக்க மனசு வருமா? வரவில்லை. அந்தக் கட்டுதான் இப்போது கீழே போயிருந்தது.

எஸ்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி டிடிபி அறைக்குள் விழுந்தார்.

டிடிபி மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க சார். சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்தச் சர்க்கரை விஷயம் இருக்கே, அப்படியே கண்ணு முன்னால தெரியுது!"

"ஐயோ, அடிச்சு முடிச்சுட்டீங்களா?"

"அடிச்சு, பக்கத்துல ஏத்தி, பக்கத்தைப் பூட்டியும் ஆச்சு."

"மேடம், அது தப்பான கட்டு. சரியான கட்டு இதோ. மாத்திடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் புதுக் கட்டை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இது ரொம்ப நீளமா இருக்கே சார். பூட்டின பக்கத்துல வரி கூடினா பின்னாடி இருக்கிற முந்நூறு பக்கமும் நகரும். நாலு மணிக்குள்ள நடக்காது. வேணும்னா ஒரு சொல்லை எடுத்துட்டு, அதைவிடச் சின்னதா இன்னொரு சொல் போடலாம்."

எஸ்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். தலைமைப் பதிப்பாசிரியர் என்ற இடத்தில் வேறு யாரைப் போடலாம்? கத்தினாலும் கதவை அறைந்தாலும் யாரும் கேள்வி கேட்காத ஆளாக இருக்க வேண்டும். படிக்கிறவர்கள் நம்பவும் வேண்டும். தனக்கு இல்லாத உறவாக இருந்தால் இன்னும் நல்லது, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

"மாமனார்னு போடுங்க" என்றார்.

டிடிபி மேடத்தின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. "யாரை, பெரியவரையா?"

"ஆமா, பெரியவரைத்தான். அவரை எடுத்துட்டு மாமனார்னு போட்டுடுங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எனக்கு வேற வழியே இல்லை மேடம்."

"அவர் ஒத்துக்கணுமே?"

"அவருக்குத் தெரியறதுக்குள்ள காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடலாம்."

டிடிபி மேடம் ஏனோ திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேசை மேல் தேடினார். எஸ்காரர்தான் நெற்றியைக் காட்டினார். பிறகு மேடம் நாலு தட்டுத் தட்டினார்.

"ஆச்சு சார். மொத்தம் அறுபத்து மூணு இடத்துல மாத்தியாச்சு."

"அறுபத்து மூணா? இருக்கிறதே ஏழுதானே!"

"ஏழு உங்க வார்த்தைக்கு. நான் புத்தகம் பூராவும் மாத்திட்டேன். அரைகுறையா எதையும் விடக் கூடாது பாருங்க. மாமனாரால், மாமனாருக்கு, மாமனாரின், மாமனாரோடு... உருபு ஒட்டி வந்ததைக்கூடத் தேடிப் பிடிச்சுட்டேன்."

எஸ்காரர் முதல் பக்கத்துக்குப் போகச் சொன்னார். தலைப்புப் பக்கத்தில், பெரியவரின் பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில் 'மாமனார்' என்று இருந்தது. முன்னுரை இன்னும் நன்றாக இருந்தது. 'இந்த அகராதியின் மாமனாராகப் பொறுப்பேற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மாமனாருக்கு வேண்டிய பொறுமையை இந்தப் பணியே எனக்குக் கற்றுத் தந்தது.'

"போச்சு! எல்லாம் போச்சு! திருப்பி மாத்துங்க, திருப்பி மாத்துங்க!"

"மாமனாரை எடுத்துட்டுப் பெரியவரைப் போட்டுடவா? இவ்வளவு சீக்கிரம் மனசு மாறிட்டீங்களே."

"கிண்டல் பண்ற நேரமா மேடம் இது?"

மறுபடி நாலு தட்டு. திரையில் எண் வந்தது. தொண்ணூற்று ஒன்று.

அறுபத்து மூன்று போய்த் தொண்ணூற்று ஒன்றாகத் திரும்பி வந்தால் என்ன அர்த்தம்? புத்தகத்தில் ஏற்கெனவே குடியிருந்த நிஜமான மாமனார்கள் இருபத்தெட்டுப் பேருக்கும் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எஃப் எழுத்தைத் திறந்தார்கள். மாமனாருக்கு உரிய ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே 'தலைமைப் பதிப்பாசிரியர். கணவன் அல்லது மனைவியின் தந்தை' என்று பொருள் போட்டிருந்தது. விருந்தாளி என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு: 'மாப்பிள்ளை தலைமைப் பதிப்பாசிரியர் வீட்டிலேயே பத்து நாள் டேரா போட்டார்.'

"பழையபடி ஆக்க முடியாதா? அந்த அன்டூ..."

"ரெண்டு தடவையும் சேவ் பண்ணிட்டேனே சார். நீங்கதானே பறக்கப் பறக்க நிக்கிறீங்க?" மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணே முக்கால் ஆகுது. பெரியவர் கேட்ட பக்கங்களை இப்ப ப்ரிண்ட் கொடுத்தாகணும். சார், பதறாதீங்க, ஒரு வழி இருக்கு, நான் காலையிலேயே..."

எஸ்காரர் எங்கே நின்று கேட்டார்? 'ப்ரிண்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் ஏக்காரரைத் தேடி மேலே ஓடிவிட்டார்.

ஏக்காரர் விஷயத்தைக் கேட்டார். பதினோரு வருஷம் ஒரே எழுத்தில் இருந்தவரின் நிதானத்தோடு சொன்னார். "ப்ரிண்ட் ஆகாம இருக்கணும். அவ்வளவுதானே? மாடிப்படி ஓரத்துல மெயின் சுவிட்ச் இருக்கு. இழுத்து விட்டுடு. கரெண்ட் இல்லேன்னா ப்ரூஃப் இல்லை, ப்ரூஃப் இல்லேன்னா திங்கட்கிழமை வரைக்கும் உனக்கு ஆயுசு கெட்டி."

வேறு யோசனை சொல்ல அங்கே ஆளும் இல்லை. எஸ்காரர் ஓடிப்போய் இரண்டு கையாலும் சுவிட்சைப் பிடித்து இழுத்தார். விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் சோம்பல் முறித்துக்கொண்டு நின்றன. அலுவலகம் முழுக்க நிம்மதியான ஓர் அமைதி பரவியது.

அந்த அமைதிக்கு நடுவில், லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"எவண்டா அது! எவன் கரெண்டை நிறுத்தினது!"

பெரியவர் லிஃப்டில், இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார். இரும்புக் கதவு அதிர்ந்தது. பொருள் 2 கேட்டது. பொருள் 6 கேட்டது, அதாவது கோட்டையைத் தாக்குவது. ஐந்து வருஷப் பழக்கம் சும்மா விடுமா? எஸ்காரர் தன்னையறியாமல் பேனாவை எடுத்து உள்ளங்கையில் '3.47' என்று குறித்துக்கொண்டார். பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. பாய்ந்து சுவிட்சைத் திருப்பிப் போட்டார்.

கீழிருந்து காபி அக்கா ஒரு தாள்கட்டோடு ஏறி வந்தார்.

"அக்கா, அது என்ன?"

"ப்ரூஃபு. டிடிபி பொண்ணு கொடுத்துச்சு, பெரியவர்கிட்ட கொடுக்கணுமாம்."

"கரெண்டுதான் போயிருந்துச்சேக்கா! எப்படி ப்ரிண்ட் ஆச்சு?"

"கீழ பாட்டரி இருக்கில்ல. போன மாசம் பெரியவரே நின்னு மாட்டினாரே, மறந்துட்டீங்களா? லிஃப்டுக்கும் சேத்து மாட்டுங்கய்யான்னு நான் அப்பவே சொன்னேன், யார் கேட்டா?"

"அக்கா, அதை என்கிட்ட கொடுங்க."

"காலையில நீங்க நூல் கட்டின லட்சணத்தைப் பாத்தேனே. நானே கொடுத்துக்கிறேன்."

லிஃப்ட் திறந்தது. பெரியவர் தலைமுடி நாலு திசையிலும் நிற்க வெளியே வந்து, காபி அக்காவின் கையிலிருந்த கட்டைப் பறித்துக்கொண்டு, தன் அறைக்குள் புகுந்தார். பொருள் 4, சீறிக்கொண்டு நுழைதல். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. எஸ்காரர் தன் மேசைக்குப் போய்ச் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் குடையையும் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். டிடிபி மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகலாமா என்று நினைத்தார். என்ன சொல்வது? மூன்று மாதமாகச் சொல்லாததை வேலை போன அன்றைக்கா சொல்வது? அதை நினைக்கத்தான் அவருக்கு அழுகை வந்தது. நாற்காலி போவதுகூட இரண்டாம்பட்சம்.

"தம்பி! உள்ள வா!"

எஸ்காரர் பையோடேயே உள்ளே போனார்.

பெரியவர் கத்தவில்லை. கதவைக் காட்டவில்லை. இருபது வருஷத்தில் யாரும் பார்த்திராத அமைதியோடு மேசை மேல் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

"என் கண்ணாடி எங்கே?"

"நெத்தியில, ஐயா."

பெரியவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். எஸ்காரர் எட்டிப் பார்த்தார். முன்னுரையில் தலைமைப் பதிப்பாசிரியர் தலைமைப் பதிப்பாசிரியராகவே இருந்தார். எஃப் எழுத்தில் மாமனார் ஒழுங்காக மாமனாராக இருந்தார். காலையில் இருந்த பிரதியை அந்தப் பெண் பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறார்! 'ஒரு வழி இருக்கு' என்றது இதைத்தான். அப்படியானால் ஸ்டார்மும் காலையில் இருந்தபடியே இருக்குமே... இருந்தது. ஏழு வாக்கியம், ஏழிலும் தலைமைப் பதிப்பாசிரியர்.

"இதெல்லாம் நிஜமா நடந்ததா?" என்று பெரியவர் கேட்டார்.

பொய் சொல்லித் தப்பிக்கிற கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது. "நடந்ததுதான் ஐயா. நாளும் நேரமும் போட்டிருக்கேன்."

"திங்கள் சரி. செவ்வாய் சரி, கண்ணாடிக்குத்தான் திரும்பி வந்தேன். புதன்..." பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சர்க்கரை அடியிலதான் இருந்துச்சு. வியாழக்கிழமைதான் தப்பு."

"தப்பா ஐயா?"

"பேப்பர்வெயிட்டைத் தூக்கி எறிஞ்சேன்னு எழுதியிருக்கே. நான் எறிஞ்சது ஸ்டேப்ளர். அகராதிக்காரன் இப்படியா அஜாக்கிரதையா இருப்பான்?"

"திருத்திடறேன் ஐயா."

"திருத்து." பெரியவர் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லைச் சுழித்தார். "இருபது வருஷமா நானும் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன், கற்பனை பண்ணாதீங்க, எதிர்ல நடக்கறதைப் பாருங்கன்னு. இன்னிக்குத்தான் ஒருத்தன் பாத்திருக்கான். அது நானாப் போயிட்டேன். அதுக்கு என்ன செய்யறது?"

எஸ்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கையிலிருந்த பை நழுவி, சாப்பாட்டுப் பாத்திரம் தரையில் உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது.

"அதை அப்புறம் எடுத்துக்கலாம். இதைப் பிடி. எதுக்கும் இருக்கட்டும்னு மத்தியானமே கீழ டைப் பண்ணச் சொல்லியிருந்தேன், ப்ரூஃபோடதான் வந்துச்சு" என்று பெரியவர் ஓர் உறையை நீட்டினார்.

நியமன ஆணை! எஸ்காரர் பிரித்துப் படித்தார். 'இவரை இன்று முதல் நிரந்தரமாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று இருந்தது. கண் கலங்கியது. கீழே பெரியவரின் கையெழுத்து, மை காயாமல் பளபளத்தது. அதற்கும் கீழே, பதவியைக் குறிக்கும் இடத்தில், அச்செழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

மாமனார்.

பாவி மனுஷி, எல்லாவற்றையும் சரிசெய்தவர் இந்த ஒரு தாளை விட்டுவிட்டாரே! கரை வந்து சேரும் நேரத்திலா கவிழ வேண்டும்? தாளைச் சட்டென்று மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயா, மன்னிக்கணும். இதுல உங்க கையெழுத்துக்குக் கீழ ஒரு சின்னப் பிழை விழுந்திருக்கு. ஒரே ஒரு நிமிஷம், கீழ போய் மாத்திக் கொண்டு வந்துடறேன்."

பெரியவர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எஸ்காரரை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்தார்.

"பிழையா? கீழ டிடிபியில உக்காந்திருக்கிற என் பொண்ணு அதை மூணு தடவை படிச்சுப் பாத்துட்டு, ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னுட்டாளேப்பா!"